கேமிங் பிசி பிராசஸர் எத்தனை வருஷம் தாங்கும்? மாத்துறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஆசையாக டவுன்லோட் செய்த புது கேம். திறந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, திரை திக்கித் திணறுகிறது. கடைக்கு போன் போட்டால், "பிராசஸர் பழசாயிடுச்சு தம்பி, மாத்திடுங்க" என்கிறார்கள். சரி, அதை மட்டும் மாற்றலாம் என்றால், "அதுக்கு மதர்போர்டு மாத்தணும், மதர்போர்டு மாத்தினா ரேமும் மாத்தணும்" என்று பில் ரயில் பெட்டி மாதிரி நீளுகிறது. "காலேஜ் புராஜெக்டுக்கு வேணும்" என்று சொல்லி வீட்டில் கெஞ்சி வாங்கிய கம்ப்யூட்டர் அது. மறுபடியும் அப்பா முன்னால் போய் நிற்க முடியுமா?

நிற்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். ஒரு பிராசஸர் கேமுக்கு எத்தனை வருஷம் போதுமானதாக இருக்கும்?

சுருக்கமான பதில் இதுதான். வாங்கும்போது நடுத்தர வகையில் இருந்த ஒரு பிராசஸர், நொடிக்கு 60 ஃபிரேம் போதும் என்பவருக்கு 5 முதல் 7 வருஷம் வரை தாராளமாக ஓடும். 144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 என்று போட்டி போடுபவருக்கு அதே பிராசஸர் 3, 4 வருஷத்திலேயே குறையாகத் தெரியும். இது தோராயக் கணக்குதான். இதைவிட முக்கியம், அந்தக் கணக்கை எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்பது.

பிராசஸர் தேய்ந்து போகுமா?

பைக் இன்ஜின் மாதிரி பிராசஸரும் ஓட ஓடத் தேய்ந்து வேகம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சரியான குளிர்ச்சியும் மின்சாரமும் கிடைத்தால், 2019-ல் வாங்கிய சிப் அன்று என்ன வேகத்தில் ஓடியதோ, இன்றும் அதே வேகத்தில்தான் ஓடும். மாறியது கேம்கள். சிப் அங்கேயே நிற்க, கேம் முன்னால் போய்விட்டது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இன்டெலின் 13 மற்றும் 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில், தேவைக்கு அதிகமான வோல்டேஜ் போய் சிப் உண்மையாகவே சேதமடைந்த பிரச்னை 2024-ல் பெரிதாக வெடித்தது. கேம் திடீரென மூடிக்கொள்வது, கிராபிக்ஸ் கார்டில் மெமரி இல்லை என்று சம்பந்தமே இல்லாத எர்ரர் வருவது எல்லாம் அதன் அறிகுறிகள். இன்டெல் பயாஸ் வழியாக மைக்ரோகோட் அப்டேட் கொடுத்தது, வாரன்டியையும் 2 வருஷம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்த அப்டேட் சரி செய்யாது. அந்தத் தலைமுறை பிராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸை அப்டேட் செய்துவிட்டார்களா என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.

சாதாரணமாக "பிசி வர வர ஸ்லோ ஆகுது" என்பதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும்தான். சூடு எல்லையைத் தொட்டால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சென்னையில் அக்னி நட்சத்திர நாளில், ஏசி இல்லாத அறையில், மூன்று வருஷமாகத் திறந்தே பார்க்காத கேபினட்டுக்குள் இருக்கும் சிப் வேறு என்ன செய்யும்? கேம் ஓடும்போது பிராசஸர் 95, 100 டிகிரி செல்சியஸைத் தொட்டு நிற்கிறது, கூடவே கிகாஹெர்ட்ஸ் எண் கீழே இறங்குகிறது என்றால், முதலில் வாங்க வேண்டியது ஒரு தெர்மல் பேஸ்ட் டியூப். பிராசஸரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேமில் பிராசஸருக்கு என்ன வேலை?

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டுதான் சமையற்கட்டு. பத்து அடுப்பு, இருபது ஆள், எவ்வளவு கேட்டாலும் சமைத்துத் தள்ளும். பிராசஸர் என்பது பந்தியை மேற்பார்வை பார்ப்பவர். யார் உட்கார்ந்தார்கள், எந்த இலைக்கு சாம்பார், எந்த இலைக்கு ரசம் என்று பார்த்து சமையற்கட்டுக்குச் சொல்லி அனுப்புபவர். அவர் தடுமாறினால் உள்ளே அடுப்பு சும்மா எரியும், வெளியே இலை காலியாகக் கிடக்கும்.

கேமிலும் இதேதான். எதிரி எங்கே ஓட வேண்டும், தோட்டா எதில் பட்டது, சுவர் எப்படி இடிந்து விழ வேண்டும், ஆன்லைனில் எதிராளி என்ன செய்தார் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு, "இதை வரை" என்று கிராபிக்ஸ் கார்டுக்குப் பட்டியல் கொடுப்பது பிராசஸர். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பட்டியலையும் 16.7 மில்லிசெகண்டுக்குள் முடிக்க வேண்டும். 144 ஃபிரேம் என்றால் 6.9 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். 240 என்றால் 4.2. ஒரே பிராசஸர் ஒருவருக்குப் போதுமானதாகவும் இன்னொருவருக்குப் போதாததாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயம். திரையின் ரெசல்யூஷனைக் கூட்டினால் கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் வேலை கூடும், பிராசஸருக்குப் பெரிதாகக் கூடாது. அதனால் 4கே திரையில் விளையாடுபவருக்குப் பழைய பிராசஸர் ரொம்ப நாள் தாங்கும். அதே பிராசஸர் 1080பி திரையில் சீக்கிரம் மூச்சு வாங்கும். கேட்கத் தலைகீழாக இருந்தாலும் உண்மை இதுதான். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வசதிகளை ஆன் செய்தால், கார்டு உள்ளுக்குள் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பிறகு பெரிதாக்குகிறது. கார்டின் பாரம் குறைகிறது, ஃபிரேம் எண்ணிக்கை ஏறுகிறது, பட்டியல் கேட்கும் வேகமும் ஏறுகிறது. அப்போது அடி விழுவது பிராசஸருக்கு. ரே டிரேசிங்கும் கார்டை மட்டும் பாதிக்கும் என்று நினைக்க வேண்டாம், அதற்கான காட்சித் தகவலைத் தயார் செய்வதில் பிராசஸருக்கும் கூடுதல் வேலை இருக்கிறது.

2011-ல் வாங்கியவர்கள் ஏன் அதிர்ஷ்டசாலிகள்?

இன்டெலின் கோர் ஐ5-2500கே, ஐ7-2600கே என்ற இரண்டு பிராசஸர்கள் 2011 ஜனவரியில் வந்தன. இரண்டிலும் 4 கோர். இவற்றை வாங்கியவர்கள் பலர் ஆறு, ஏழு வருஷம் பிராசஸர் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. கிராபிக்ஸ் கார்டை மட்டும் இரண்டு முறை மாற்றிக்கொண்டு ஓட்டினார்கள். "பிராசஸர் பத்து வருஷம் ஓடும்" என்று இன்றும் சில சீனியர்கள் சொல்வது அந்தக் காலத்து அனுபவத்தை வைத்துத்தான்.

அதற்குக் காரணம் அந்த சிப்பின் பெருமை மட்டும் இல்லை. எதிரில் போட்டியே இல்லை. ஏஎம்டி 2011 அக்டோபரில் எஃப்எக்ஸ்-8150 என்ற பிராசஸரை "8 கோர்" என்று விளம்பரம் செய்து இறக்கியது. தனித்தனி கோரின் வேகம் குறைவாக இருந்ததால் கேம்களில் இன்டெலின் 4 கோரிடமே தோற்றது. இரண்டிரண்டு கோர்கள் சில பாகங்களைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு அது. "இதை 8 கோர் என்று விற்கலாமா" என்று அமெரிக்காவில் வழக்கே நடந்து, 2019-ல் 1.21 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போட்டி இல்லாத தைரியத்தில் இன்டெலும் சாதாரண டெஸ்க்டாப்புக்கு 2017 வரை 4 கோரைத் தாண்டவில்லை. இன்னொரு பக்கம் கன்சோல்கள். 2013 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4-ல் இருந்தது 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும் 8 சின்ன கோர்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் மெல்லிய லேப்டாப், டேப்லெட்டுகளுக்காக ஏஎம்டி வடிவமைத்த கோர் வகை அது. பெரிய கேம் நிறுவனங்கள் அந்தக் கன்சோலில் ஓடும்படிதான் கேமை எழுதியாக வேண்டும். அப்படி எழுதிய கேம், டெஸ்க்டாப்பின் 4 பெரிய கோர்களுக்கு எளிதாகவே இருந்தது. ஜிடிஏ 5 பிசியில் 2015-ல் வந்தபோது, குறைந்தபட்சத் தேவையாகக் குறிப்பிடப்பட்ட பிராசஸர் கோர் 2 குவாட் கியூ6600. அது 2007-ல் வந்த சிப்!

2017-ல் எல்லாம் மாறியது. மார்ச்சில் ஏஎம்டி ரைசன் வந்தது, 8 கோர், 16 திரெட். பதிலுக்கு அக்டோபரிலேயே இன்டெல் 6 கோர் ஐ7-8700கே-வை இறக்கியது. பாவம், அதே ஜனவரியில் ஐ7-7700கே வாங்கியவர்கள். டாப் மாடல் என்று நம்பி வாங்கிய 4 கோர் பிராசஸர், ஒன்பதே மாதத்தில் பழைய பாணி ஆகிவிட்டது. புது சிப் பார்ப்பதற்கு அதே அளவு, அதே 1151 சாக்கெட். ஆனாலும் அவர்களுடைய போர்டில் அது வேலை செய்யாது என்று இன்டெல் கையை விரித்துவிட்டது.

அப்போ எதை வைத்து ஆயுளைக் கணிப்பது?

வருஷத்தைப் பார்ப்பதைவிட, கன்சோலைப் பார்ப்பது நல்ல வழி. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-லும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் இருப்பது ரைசன் 3000 வரிசையில் இருந்த அதே ஜென் 2 வகை கோர்கள், மொத்தம் 8. கன்சோலின் சொந்த வேலைகளுக்கு ஒரு பகுதி போக, மிச்சம்தான் கேமுக்கு. அதனால் 2019 ஜூலையில் வந்த 6 கோர், 12 திரெட் ரைசன் 5 3600, இந்தக் கன்சோல் தலைமுறைக்கு ஒரு எல்லைக்கோடு மாதிரி அமைந்துவிட்டது. அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால், பெரும்பாலான கேம்களில் 60 ஃபிரேமுக்கு வழி இருக்கிறது. கீழே இருந்தால் கேம் ஓடலாம், ஆனால் திணறும்.

இந்தக் கோடு எப்படி நகர்கிறது என்பதற்கு சைபர்பங்க் 2077 நல்ல உதாரணம். 2020 டிசம்பரில் வெளியானபோது அதன் குறைந்தபட்சத் தேவை, 2012-ல் வந்த 4 கோர் ஐ5-3570கே. பழைய கன்சோலிலும் அந்தக் கேம் வந்தாக வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்தபோது பழைய கன்சோல்களைக் கழற்றிவிட்டார்கள். பிசியில் குறைந்தபட்சத் தேவையும் ஐ7-6700 அல்லது ரைசன் 5 1600 என்று ஏறியது. ஹார்டு டிஸ்க் போதாது, எஸ்எஸ்டி கட்டாயம் என்றும் ஆனது. ஒரே கேம், மூன்றே வருஷம்.

கன்சோலிலேயே 30 ஃபிரேமைக் குறிவைத்து எழுதும் கேம்கள்தான் இன்னும் ஆபத்தானவை. பிசியில் அதை 60 ஆக்க வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வேகம் வேண்டும். 2024 மார்ச்சில் வந்த டிராகன்ஸ் டாக்மா 2-ல் காட்டில் சுற்றும்போது ஒன்றும் தெரியாது, ஊருக்குள் நுழைந்ததும் நல்ல பிராசஸரே தள்ளாடியது. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் அதிக பிராசஸர் சக்தி செலவாகிறது என்று கேப்காம் நிறுவனமே விளக்கம் கொடுத்தது. நகரம் கட்டும் கேம்கள், போர் வியூக கேம்கள், விமானம் ஓட்டும் சிமுலேட்டர்களும் இந்த ரகம்தான். மணிக்கணக்கில் விளையாடி ஊர் பெரிதான பிறகுதான் பிராசஸரின் வயசு தெரியும்.

வீட்டிலேயே டெஸ்ட் பண்ணுவது எப்படி?

கடைக்காரர் சொல்வதை நம்புவதற்கு முன்னால், பத்து நிமிஷத்தில் நீங்களே பார்த்துவிடலாம். செலவு எதுவும் இல்லை.

திணறும் கேமைத் திறந்து, அதிகம் திணறும் இடத்துக்கே போங்கள். வி-சிங்க்கையும், ஃபிரேம் எண்ணிக்கைக்கு வைத்திருக்கும் எந்த வரம்பையும் ஆஃப் செய்யுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் எண்ணிக்கையும் கிராபிக்ஸ் கார்டின் உபயோக சதவீதமும் திரையில் தெரியும்படி வையுங்கள். இப்போது ரெசல்யூஷனை மட்டும் 1080பி-யில் இருந்து 720பி-க்குக் குறையுங்கள்.

ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால், இத்தனை நேரம் தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. பிராசஸரை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. எண்ணிக்கை அப்படியே நின்றால், கார்டின் உபயோகமும் 60, 70 சதவீதம் என்று இறங்கிக் கிடந்தால், பட்டியல் கொடுக்க ஆள் இல்லாமல் சமையற்கட்டு காத்திருக்கிறது என்று அர்த்தம். அதாவது தடை பிராசஸர் பக்கம்.

"ஆனா டாஸ்க் மேனேஜர்ல பிராசஸர் 40 சதவீதம்தானே காட்டுது?" என்று கேட்பவர்கள் நிறைய. அந்த எண் எல்லா திரெட்டுகளின் சராசரி. 12 திரெட் உள்ள பிராசஸரில் ஒரே ஒரு திரெட் முழுக்க நிரம்பினால் அது 8 சதவீதமாகத்தான் தெரியும். கேம்களில் பெரும்பாலும் ஒரு முக்கிய திரெட் முடித்தால்தான் மற்றவை நகரும். ஆகவே, மொத்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சராசரி ஃபிரேமை மட்டும் பார்ப்பதும் தப்பு. சராசரி 90 காட்டும், ஆனாலும் கை நடுங்குகிற மாதிரி படம் குதிக்கும். மிக மோசமான ஒரு சதவீத ஃபிரேம்கள் எந்த வேகத்தில் வந்தன என்பதைக் காட்டும் "1% லோ" எண்ணைப் பாருங்கள். சராசரி 90, அந்த எண் 35 என்று இருந்தால், பிராசஸரோ மெமரியோ திணறுகிறது என்று சந்தேகப்படலாம்.

மெமரி என்றதும் ஒரு விஷயம். ஒரே ஒரு ரேம் ஸ்டிக் போட்டு விற்ற பிசிக்கள் நம்மூரில் ஏராளம். பில்லில் 16 ஜிபி என்று இருக்கும், உள்ளே ஒரே ஸ்டிக். இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொன்றைப் போட்டால் பிராசஸருக்குத் தகவல் போகும் பாதை இரட்டிப்பாகும். அதேபோல 3200 வேக ரேம் வாங்கிவிட்டு, பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்யாமல் 2133-ல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. புது பிராசஸர் வாங்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

வேகம் இருந்தும் வெளியே நிறுத்தும் கதவுகள்

சில நேரம் பிராசஸருக்குத் தெம்பு இருக்கும், ஆனால் சாஃப்ட்வேர் உள்ளே விடாது. விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலில் 8-ம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல்தான் அதிகாரப்பூர்வ அனுமதி. சைபர்பங்க்குக் குறைந்தபட்சத் தேவையில் பாஸ் ஆன ரைசன் 5 1600, விண்டோஸ் 11-ல் ஃபெயில். டாப் மாடலாக வாங்கிய ஐ7-7700கே-வுக்கும் இதே கதி.

ஆன்லைன் கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு சாஃப்ட்வேர்களும் கறாராகிவிட்டன. விண்டோஸ் 11-ல் வாலரன்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்டு 6-ம் செக்யூர் பூட் இல்லாமல் ஓடாது. இதில் ஒரு நல்ல செய்தி, பல போர்டுகளில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கும், பயாஸில் ஆஃப் ஆகிக் கிடக்கும். "பிசி சப்போர்ட் பண்ணல" என்று யாராவது சொன்னால், பயாஸுக்குள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது கதவு, கட்டளைத் தொகுப்பு. ஏவிஎக்ஸ் என்ற கட்டளைகள் இன்டெலில் 2011-ல் வந்தன, ஏவிஎக்ஸ்2 2013-ல். புது கேம் இவற்றைக் கேட்டால் பழைய சிப் மெதுவாக ஓடாது, ஓடவே ஓடாது. 2016-ல் நோ மேன்ஸ் ஸ்கை வெளியானபோது ஏஎம்டி ஃபினாம் பிராசஸர் வைத்திருந்தவர்களுக்கு இப்படித்தான் ஆனது, பிறகு பேட்ச் வந்த பின்தான் விளையாட முடிந்தது. எல்லா நிறுவனமும் பேட்ச் கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

மாத்தியே ஆகணும்னா, எவ்வளவு மாத்தணும்?

இங்கேதான் பணம் மிச்சமாகும், அல்லது வீணாகும். "பிராசஸர் பழசு" என்றால் மூன்றையும் மாற்ற வேண்டும் என்பது எல்லா நேரமும் உண்மை இல்லை. போர்டில் என்ன சாக்கெட் என்று முதலில் பாருங்கள்.

ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் யோகம். 2017-ல் முதல் ரைசனோடு வாங்கிய பல போர்டுகளில், பயாஸ் அப்டேட் செய்தால் ரைசன் 5000 வரிசை வரை போடலாம். 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, அந்தப் போர்டுகளுக்குக் கிடைத்த கடைசிக் காலப் பரிசு. சாதாரண 5800எக்ஸைவிட அதன் கிகாஹெர்ட்ஸ் குறைவு. ஆனால் 32 எம்பிக்குப் பதில் 96 எம்பி எல்3 கேஷ் மெமரி. அடிக்கடி தேவைப்படும் தகவல் சிப்புக்குள்ளேயே இருப்பதால் கேம்களில் அது தன் அண்ணனை முந்தியது. அது இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். கிடைக்காவிட்டால் சாதாரண ரைசன் 5 5600 போட்டாலே, முதல் தலைமுறை ரைசன் வைத்திருப்பவருக்குப் புது பிசி மாதிரி இருக்கும். போர்டு, ரேம் இரண்டும் பழையதே போதும்.

பெயரில் மட்டும் கொஞ்சம் கவனம். ரைசன் 5 5500 என்பது 5600-க்கு ஒரு படி கீழே என்று நினைத்து வாங்குகிறார்கள். உள்ளே கேஷ் மெமரி பாதிதான், 16 எம்பி. கிராபிக்ஸ் கார்டோடு பேசும் பாதையும் பழைய பிசிஐஇ 3.0. விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் 5600 பக்கம் போவதே புத்திசாலித்தனம்.

இன்டெலில் கதை வேறு. 10, 11-ம் தலைமுறைக்கு 1200 சாக்கெட், 12 முதல் 14 வரை 1700, 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு 1851 என்று மாறிக்கொண்டே வந்தது. 2022-ல் 4 கோர் ஐ3-12100எஃப் வாங்கியவர், அதே போர்டில் பயாஸ் அப்டேட் செய்து 6 அல்லது 10 கோர் ஐ5-க்குப் போகலாம். ஐ7-7700கே வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. எந்தப் போர்டாக இருந்தாலும், தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான பிராசஸர் சப்போர்ட் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடைக்காரரின் "போட்டா ஓடும் சார்" உத்தரவாதம் ஆகாது.

இந்தக் கணக்கு இப்போது இன்னும் முக்கியமாகிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதால், 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. ஏஎம்5 போன்ற புது சாக்கெட்டுக்குப் போனால் டிடிஆர்5 ரேம் புதிதாக வாங்கியே தீர வேண்டும். இருக்கும் டிடிஆர்4 ரேமை வைத்துக்கொண்டே ஒரு படி ஏற முடிந்தால், அந்தச் செலவு அப்படியே தப்பும்.

கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைஸபிள் பார் என்ற வசதி போர்டில் இருந்தாக வேண்டும். 2024 டிசம்பரில் வந்த ஆர்க் பி580 விலைக்கு நல்ல கார்டு என்று பெயர் வாங்கியது. ஆனால் சில வருஷப் பழைய பிராசஸரோடு போட்டபோது எதிர்பார்த்த வேகம் வரவில்லை என்று அடுத்த மாதமே சோதனைகளில் தெரிந்தது. அதன் டிரைவருக்கே பிராசஸர் அதிகம் தேவைப்படுகிறது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. கம்ப்யூட்டர் பாகங்களில் பயமில்லாமல் பழையது வாங்கக்கூடியது பிராசஸர்தான், மேலே சொன்ன இன்டெல் 13, 14-ம் தலைமுறையின் பெரிய மாடல்களைத் தவிர. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், போர்டில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஏஎம்4 சிப் என்றால் திருப்பிப் பார்த்து, அடியில் இருக்கும் பின்கள் வளைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். இன்டெலிலும் ஏஎம்5-லும் பின்கள் போர்டில்தான் இருக்கும், அங்கே பார்க்க வேண்டியது போர்டை. மாடல் எண்ணின் கடைசியில் "எஃப்" இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. விலை ரொம்பக் குறைவாகக் கிடைக்கும் "ரைசன் புரோ" சிப்களில் கூடுதல் கவனம் தேவை. சில பிராண்டட் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இருந்து கழற்றியவை, அந்த நிறுவனத்தின் போர்டில் மட்டும்தான் ஓடும்படி பூட்டப்பட்டிருக்கும். வேறு போர்டில் ஆன் ஆகாது.

உங்கள் பழைய ஏஎம்4 பிராசஸரை நீங்களே கழற்றப் போகிறீர்களா? பிசியைப் பத்து நிமிஷம் கேம் ஓட்டி சூடாக்கிவிட்டு ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பிறகு கூலரை மெதுவாக இடவலமாகத் திருகி எடுங்கள். காய்ந்த பேஸ்ட்டோடு நேராகப் பிடித்து இழுத்தால், பூட்டியிருந்தாலும் சாக்கெட்டில் இருந்து சிப்பும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும். இரண்டு பின் வளைந்தாலே மறுவிற்பனை விலை போச்சு.